குள்ளஞ்சாவடி வழியாக ஒரு வெளிச்ச யாத்திரை

நெய்வேலியை உங்களுக்குத் தெரியும். வடலூரைத் தெரியும். பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தெரியாத மூக்கு தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் குள்ளஞ்சாவடி? கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். கண்டக்டர் "குள்ளஞ்சாவடி எறங்கு!" என்று கத்தும்போது ஒரு கண்ணை மாத்திரம் திறந்து, நம் ஊர் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மறுபடியும் மூடியிருப்பீர்கள்.

இந்த வாரம் அப்படிச் செய்ய வேண்டாம். என்னோடு இறங்கிவிடுங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம்தானே? நாமும் சற்று இளைப்பாறுவோம்.

கோபுரம், நீர்வீழ்ச்சி, குகைச் சித்திரம் இதெல்லாம் இங்கே காட்டப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் காட்டப் போகும் அதிசயம் ஏற்கனவே உங்கள் கைப்பையில் இருக்கிறது. செல்போன் திரைதான்! சாதாரணச் செல்போன் ஒன்றில் அகலவாட்டில் 1080 புள்ளி, நீளவாட்டில் 2400 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் சுமார் 26 லட்சம். மார்கழி மாதம் முழுவதும் வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்தாலும் நம்மால் ஆகாத காரியம். அத்தனை புள்ளிகளும் எப்படி நிறம் காட்டுகின்றன, அதற்காக எவ்வளவு வெளிச்சம் பாழாகிறது, பாழாவதைத் தடுக்க என்ன பாடு படுகிறார்கள் என்ற கதையைச் சொல்ல, இந்த ரஸ்தாவைவிடப் பொருத்தமான ரஸ்தா எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஏன் என்பது வடலூர் போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஊரைப் பாருங்கள். செம்மண். கண்ணுக்கு எட்டியவரை முந்திரித் தோப்பு. இடையிடையே பலா. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் 'தானே' புயல் கரையேறியதே, அப்போது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துவிட்டன. மின்சாரக் கம்பங்களும் படுத்தன. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி; அங்கே மின்சாரம் விளைகிறது. ஆனால் இங்கே பல கிராமங்களில் நாட்கணக்காக இருட்டு! செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் இருக்கும் வீட்டைத் தேடி அலைந்தார்கள். பாட்டரி என்பது எவ்வளவு அருமையான வஸ்து என்று இந்த ஜில்லாக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில், எட்டடி அகலத்தில் ஒரு செல்போன் ரிப்பேர்க் கடை. நான் போனபோது, ஒரு வயதான அம்மாள் அங்கே நின்று வழக்காடிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, போன மாசம் நீ கண்ணாடி மாத்திக் குடுத்ததுலேருந்து, பொழுது சாயறதுக்குள்ள இது செத்துப் போவுதே! ராத்திரி ஒம்போது மணிக்குப் பேரன் சிங்கப்பூர்லேருந்து மூஞ்சி காட்டிப் பேசுவான். சரியா அப்பப் பார்த்து இருண்டு போவுது."

"ஆயா, உன் பழைய டிஸ்ப்ளே வேற, இப்பப் போட்டது வேற. ஒரிஜினல் போடட்டுமான்னு கேட்டேன். ரெண்டு மடங்கு வெலையான்னு நீதானே வாணாம்னே?"

"வெல கம்மியா இருந்தா கரண்டு ஜாஸ்தி குடிக்கும்னு நீ சொல்லலியே, ராசா!"

நியாயமான கேள்வி. பையன் தலையைச் சொறிந்தான். "சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்ஜ் போட்டுடு ஆயா, ஒம்போது மணிக்கு ஃபுல்லா இருக்கும்" என்றான்.

"ஆறு மணிக்கு நான் எங்க வூட்ல இருக்கேன்? கொட்டை ஒடைக்கிற கொட்டாயில இல்ல இருக்கேன்!"

ஆயாவின் விரல்களைப் பார்த்தேன். முந்திரிக் கொட்டை ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்துத் தோலை அரித்துவிடும். அதிலேயே பல வருஷம் உழைத்த கை. விரல் ரேகை தேய்ந்து போய்விட்டதால், ரேகையை வைத்துப் பூட்டைத் திறக்கும் வசதியும் அந்தப் போனில் அவருக்கு உபயோகப்படவில்லையாம். பேரனுக்குச் சிங்கப்பூரில் இரவு பதினொன்றரை மணிக்குத்தான் ஒழிகிறது. அதாவது நமக்கு ஒன்பது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஆயாவுக்கு அந்தப் போனே!

பழைய திரைக்கும் புதுத் திரைக்கும் அப்படி என்ன வித்தியாசம்? பையனையே கேட்டேன். கெட்டிக்காரன். ஒன்றும் பேசாமல் இரண்டு போன்களை எடுத்தான். இரண்டிலும் முழுக் கறுப்பாக ஒரு படத்தை வைத்தான். மேசை டிராயருக்குள் போட்டு, சின்ன இடுக்கு வைத்து மூடி, "உள்ளே பாருங்க" என்றான். ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை; அட்டை இருட்டு. மற்றது சாம்பல் பூத்த கரி மாதிரி லேசாக மினுங்கியது.

மினுங்கியதே, அதுதான் ஆயாவின் புதுத் திரை. அது திரவப் படிகத் திரை. கடைக்காரர் பாஷையில் 'எல்.ஸி.டி.' அதன் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு இருக்கிறது. படத்தில் வெள்ளை வந்தாலும் கறுப்பு வந்தாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். விளக்குக்கு முன்னால் அடுக்கடுக்காகத் திரைகள். முதல் திரை, ஒளியில் ஒரு திசையில் அதிர்வதை மாத்திரம் விட்டு மற்றதைத் தடுத்துவிடும். பாதி அங்கேயே போயிற்று. அடுத்தது திரவப் படிகம். அதுதான் புள்ளிக்குப் புள்ளி கதவைத் திறந்து மூடும் காவல்காரன். அப்புறம் நிறத் திரை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு ஜன்னல். சிவப்பு ஜன்னல் வெள்ளை ஒளியில் உள்ள பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மாத்திரம் வெளியே அனுப்பும். மற்ற இரண்டு ஜன்னல்களும் இதே தர்மம்தான். மூன்று படி பால் வாங்கி, இரண்டு படியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஒரு படியில் காப்பி போடுகிற குடும்பம் உருப்படுமா? இந்தத் திரை அப்படித்தான் குடித்தனம் செய்கிறது. பின்னால் எரியும் விளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குதான் நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. மற்றதெல்லாம் திரைகளுக்குள்ளேயே சூடாகி மடிகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, விரல் நுனியால் திரையில் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். (பொட்டு என்றால் பொட்டுதான், குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள், செம்பு நீரைக் கவிழ்த்துவிடுவார்கள்.) அந்தத் துளி ஒரு பூதக்கண்ணாடி. வெள்ளையே இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். வெள்ளை என்பது நம் கண் செய்து கொள்ளும் சமாதானம்.

இந்தத் திரவப் படிகத்தை ஒரேயடியாகக் கரித்துக் கொட்டவும் எனக்கு மனசில்லை. அதில் நம்மவர் கைவண்ணம் இருக்கிறது. சர் சி. வி. ராமனுக்கு ஒரு சகோதரி; அந்த அம்மாளின் பிள்ளைகளில் இருவர் பெங்களூரில் ஒளியைப் பிடித்து ஆட்டி வைத்தவர்கள். இளையவர் பஞ்சரத்னம், ஒரே திசையில் அதிரும் ஒளியைப் பற்றி 1950-களில் எழுதிய ஆராய்ச்சிகளை இன்றைக்கும் உலகம் எடுத்துப் பேசுகிறது. பாவம், 1969-ல் முப்பத்தைந்து வயதிலேயே காலமாகிவிட்டார். மூத்தவர் எஸ். சந்திரசேகர். (நட்சத்திரங்களை ஆராய்ந்து 1983-ல் நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் வேறு. அவரும் ராமனுக்குச் சகோதரன் மகன்தான். அந்தக் குடும்பத்தில் பெயர் வைப்பதில் மாத்திரம் கொஞ்சம் சிக்கனம்!) இந்தத் திரவப் படிகச் சந்திரசேகர், 1977-ல் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் சகாக்களுடன் ஒரு புது ஜாதிப் படிகத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்த மூலக்கூறுகள் குச்சி போன்றவை. இவர் கண்டது தட்டு போன்றவை. நாணயம் அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். பழைய கம்ப்யூட்டர் திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முகம் கறுத்து நிறம் தலைகீழாகும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குறையைப் போக்கியது, இந்தத் தட்டு மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலம்தான். அது பின்னாளில் ஜப்பானில் தயாராகி உலகெல்லாம் போயிற்று.

சரி, பஸ் வந்துவிட்டது. ஏறுங்கள்.

அடுத்த பெரிய ஊர் குறிஞ்சிப்பாடி. கைத்தறி லுங்கிக்குப் பெயர் போன ஊர். தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். எந்த விஞ்ஞானியும் பிற்பாடுதான். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓட்டினால் துணியில் மயில் கழுத்து வருகிறது. எந்த நூலிலும் மயில் கழுத்து நிறம் இல்லை! தண்ணீர்ப் பொட்டில் பார்த்தோமே, அதே ரகசியம். ஆனால் நெசவாளருக்கு இன்னொரு ரகசியமும் தெரியும். எல்லா நிற நூலையும் சம அளவு வாங்க வேண்டியதில்லை. கண்ணுக்கு எடுப்பது எதுவோ, அதைக் கவனித்துப் போட்டால் போதும்.

இதே யோசனையைத் திரைக்குக் கொண்டு வந்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவைச் சேர்ந்த காண்டிஸ் பிரவுன் எலியட். மனிதக் கண் நுணுக்கமான கோடுகளைப் பார்ப்பதில் பச்சையைத்தான் அதிகம் நம்புகிறது. நீலத்தில் நுணுக்கம் பார்க்கும் சக்தி அதற்கு மிகவும் குறைவு. அப்படியிருக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறத்தையும் ஒன்றுபோல் எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். பச்சை எல்லாப் புள்ளியிலும் இருக்கட்டும். சிவப்பையும் நீலத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் பகிர்ந்து கொள்ளட்டும். மூன்று விளக்கு எரிந்த இடத்தில் இரண்டு விளக்கு! இதற்குப் 'பென்டைல்' என்று பெயர். 2000-ல் இதற்காக ஒரு கம்பெனியே தொடங்கினார். 2008-ல் கொரியாவின் சாம்சங் அந்த உரிமையை வாங்கிக் கொண்டது. இதே யோசனையின் இன்னொரு வடிவத்தில், மூன்று நிறத்தோடு நிறத் திரையே இல்லாத ஒரு வெள்ளை ஜன்னலையும் சேர்த்தார்கள். படத்தில் வெள்ளையான பகுதிகளுக்கு அந்த ஜன்னல் வழியாகவே வெளிச்சம் வந்துவிடும். விழுங்குவதற்கு ஆள் இல்லை. அடுக்களையில் பங்கீடு செய்து பழகிய மூளைக்குத்தான் இப்படித் தோன்றும் என்பது என் அபிப்பிராயம். ஆண்கள் கோபித்துக் கொள்ளட்டும்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டினால் வடலூர். இங்கே அவசியம் இறங்க வேண்டும்.

1867-ல் வள்ளலார் இங்கே தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வந்தவர்களுக்கு இன்றும் சாப்பாடு. 1872-ல் சத்திய ஞான சபை. எண்கோண மண்டபம், உள்ளே ஜோதி. ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகும். ஜோதி தெரியும். லட்சக்கணக்கான ஜனங்கள் அந்த ஒரு கணத்துக்காக வெளியே மைதானத்தில் காத்து நிற்பார்கள்.

ஆன்மிக விஷயத்தையும் செல்போனையும் போட்டுக் குழப்புகிறேன் என்று கோபிக்காதீர்கள். வள்ளலார் விலக்கச் சொன்னது மனசில் உள்ள திரைகளை. அது வேறு தரம். ஆனால், விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் நிறத் திரைகள் தொங்கும்வரை வெளிச்சம் முழுதாகக் கிடைக்காது என்ற சமாசாரம், திரை செய்கிற என்ஜினீயர்களுக்கும் ஒரு நாள் உறைத்தது. தமிழில் இரண்டுக்கும் 'திரை' என்றே பெயர் வைத்திருக்கிறோம், பாருங்கள்!

பின்னால் ஒரு பெரிய விளக்கு, முன்னால் திரைகள் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்காக இருந்தால் என்ன? சிவப்பு வேண்டுமா, சிவப்பு விளக்கு மாத்திரம் எரியட்டும். கறுப்பு வேண்டுமா, அணைத்துவிடு! 1987-ல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவர், கரிமப் பொருளை மெல்லிய படலமாகப் பூசி, குறைந்த மின்சாரத்தில் அதை ஒளிர வைத்துக் காட்டினார்கள். 'ஓலெட்' என்று இன்று சொல்கிறோமே, அதன் பிறப்பு அதுதான். டிராயருக்குள் அட்டை இருட்டாகக் கிடந்த அந்த இன்னொரு போனின் திரையும் ஆயாவின் பழைய திரையும் இந்த ஜாதி.

திரையை விலக்கியாயிற்று, கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கஷ்டம் விளக்குக்குள்ளேயே இருந்தது. இந்தக் கரிமப் பொருளுக்குள் மின்சாரம் போனால், உண்டாகும் துடிப்புகளில் நாலில் ஒரு பங்குதான் ஒளியாகும். மூன்று பங்கு சும்மா சூடாகிவிடும். 1998-ல் ஃபாரஸ்ட், தாம்ஸன் என்ற விஞ்ஞானிகளின் கோஷ்டி, பிளாட்டினம் போன்ற கனமான உலோக அணு ஒன்றை மூலக்கூறுக்குள் வைத்தால் அந்த மூன்று பங்கையும் ஒளியாக்கலாம் என்று காட்டியது. சிவப்புக்கும் பச்சைக்கும் அது கைகொடுத்தது. நீலம்? நீல ஒளிக்குச் சக்தி அதிகம். அந்தச் சக்தியே தன்னைப் பெற்ற மூலக்கூறைச் சிதைத்துவிடும். ஆகையால் வெகு காலம் கடைக்கு வந்த திரைகளில் நீலம் மாத்திரம் பழைய, வீண் செலவுக்கார நீலமாகவே இருந்தது. அதைப் பெரிய புள்ளியாகச் செய்து, மெதுவாக எரிய விட்டு, ஆயுளை நீட்டித்துக் கொண்டார்கள். காண்டிஸ் அம்மாளின் பங்கீட்டில் நீலப் புள்ளிகள் எண்ணிக்கையில் குறைந்ததால், ஒவ்வொன்றும் பெரிதாக இருக்க இடம் கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

உண்டான ஒளியும் உடனே வெளியே வந்துவிடுவதில்லை. தந்திரம் ஒன்றும் செய்யாவிட்டால் ஐந்தில் நாலு பங்கு படலத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ளேயே முட்டி மோதிக் கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, வெயிலில் திரை கண்ணாடி மாதிரி முகம் காட்டாமல் இருக்க மேலே ஒரு தடுப்புப் படலத்தையும் ஒட்டினார்கள். அது பாதிக்குமேல் விழுங்கிவிடும். விலக்கிய திரை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது! 2021-ல் மடக்குகிற போன் ஒன்றில் அந்தப் படலத்தையும் எடுத்துவிட்டு, வேறு வழியில் பிரதிபலிப்பைத் தடுத்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்த ஓலெட் திரைகளுக்காகவே மத்திய சர்க்காரின் உதவியோடு ஓர் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டிருக்கிறது. கைக்கடிகாரம், போன் இவற்றுக்கான திரைகளை இந்த நாட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம்.

வடலூரில் தருமசாலைச் சாப்பாடு ஆயிற்றா? நெய்வேலி பக்கத்தில்தான்.

நெய்வேலியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்ட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிலக்கரிக் கார்ப்பொரேஷன். 1957 மே மாதத்தில் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் ரஷ்ய உதவியோடு முதல் மின்சாரம். அந்த முதல் மின் நிலையம் உழைத்துக் களைத்து 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. புதிய நிலையங்கள் ஓடுகின்றன. ஊர் என்னவோ அழகான ஊர். நேரான வீதிகள், இரண்டு பக்கமும் மரங்கள். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து நேரே இங்கே வந்து இறங்கினால், வேறு தேசமோ என்று தோன்றும்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போடுவோம். பழுப்பு நிலக்கரியில் உள்ள சக்தி 100 பங்கு என்று வையுங்கள். அதில் மின்சாரமாவது சுமார் 30. கம்பி, டிரான்ஸ்பார்மர், சார்ஜர், பாட்டரி என்று ஒவ்வொருவரும் தம் தம் மாமூலை எடுத்துக்கொண்ட பிறகு போனுக்குள் போவது இருபத்துச் சொச்சம். அதில் திரைக்குப் பின்னால் உள்ள விளக்கு ஒளியாக்குவது பாதிக்கும் குறைவு. அப்புறம் ஆயாவின் திரையைத் தாண்டி வெளியே வருவது, முதலில் சொன்ன நூற்றுக்கு 5 அல்லது 10. கடைசியில், பூமியிலிருந்து தோண்டிய 100 பங்கில் ஒரு முழுப் பங்குகூடப் பேரனின் முகமாக ஆகவில்லை!

"அதனால் என்ன, ஒரு செல்போன் எவ்வளவு மின்சாரம் தின்றுவிடப் போகிறது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. தினமும் சார்ஜ் செய்தாலும் வருஷத்துக்கு ஆறேழு யூனிட்தான். உங்கள் வீட்டு ஐஸ்பெட்டி பத்துப் பன்னிரண்டு நாளில் அதைத் தீர்த்துவிடும். ஆகவே செல்போன் திரையைச் சீர்திருத்தி நெய்வேலியின் கரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடத்தில் மாட்டிய பெரிய டெலிவிஷனைப் பற்றிச் சொன்னால் ஓரளவு நம்பலாம். ஆனாலும் கரி சும்மா வருவதில்லை என்பதை இந்த ஜில்லா நன்றாக அறியும். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் யந்திரங்கள் இறங்கிச் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்டின. நிலத்துக்கான நஷ்டஈடும் வேலையும் பற்றிய வழக்கு கோர்ட்டுவரை போயிற்று. அந்தப் பயிரைப் பார்த்தவர்கள், ஒரு யூனிட்தானே என்று சொல்லமாட்டார்கள்.

சின்னத் திரைகளில் உண்மையான நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டரியில்! ஆயாவின் ஒன்பது மணி, அந்த நெருக்கடியின் ஒரு மாதிரி. திரை இன்னும் சின்னதாகி, மூக்குக் கண்ணாடிக்குள் போய் உட்காரப் பார்க்கிறது. கண்ணுக்கு முன்னால் எழுத்தும் படமும் தெரிகிற கண்ணாடி. காது கேளாதவருக்கு எதிரே பேசுகிறவரின் பேச்சை எழுத்தாகக் காட்டலாம். ஆனால் மூக்கின் மேல் எவ்வளவு பெரிய பாட்டரியை மாட்ட முடியும்? நெற்றிப் பொட்டில் எவ்வளவு சூட்டைத் தாங்க முடியும்? அங்கே உள்ள திரை, விரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு புள்ளி நாலைந்து மைக்ரான். உங்கள் தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் பத்துப் பன்னிரண்டு புள்ளி வைக்கலாம். அதிலும் கண்ணாடி வழியே வளைந்து வளைந்து வருகையில் ஒளியின் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். இங்கேதான் ஒவ்வொரு துளி வெளிச்சமும் தங்கம்.

இந்த அளவுக்கு நுணுக்கமான புள்ளிக்குக் கரிமப் படலத்தைவிட நல்ல பிரகாசமான விளக்கு வேண்டும் என்று, நம் வீட்டு எல்.இ.டி. பல்பில் உள்ள காலியம் நைட்ரைடையே துணுக்குத் துணுக்காக நறுக்கிப் பார்த்தார்கள். நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாஸாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்ததே, அதே பொருள். இப்போது வருகிறது வேடிக்கை.

மைசூர்ப் பாகு செய்திருப்பீர்கள். பெரிய பெரிய வில்லையாக வெட்டினால் தட்டு சுத்தமாக இருக்கும். பொடிப் பொடி வில்லையாக வெட்டினால் ஓரமெல்லாம் உதிர்ந்து பாதி தூளாகிவிடும். ஒரு சதுரத்தை நீளவாட்டில் பத்தும் அகலவாட்டில் பத்துமாக வெட்டினால் பாகின் அளவு கூடுவதில்லை. ஆனால் ஓரத்தின் மொத்த நீளம் பத்து மடங்கு. எல்.இ.டி.யும் அப்படியே. வெட்டுப்பட்ட ஓரத்தில் படிகம் சிதைந்திருக்கிறது. ஒளியாக வேண்டிய மின்சாரம் அங்கே போய் விழுந்து சூடாகிவிடுகிறது. புள்ளி சிறுக்கச் சிறுக்க ஓரமே அதிகம்; ஆகவே நஷ்டமும் அதிகம்.

நீலமும் பச்சையும் இந்த நறுக்கலை ஓரளவு பொறுத்துக் கொள்கின்றன. சிவப்பு பொறுக்காது. சிவப்பு எல்.இ.டி. வேறு பொருளில் செய்வது. அலுமினியம், இந்தியம், காலியம், பாஸ்பரஸ் சேர்ந்த கலவை. அதற்குள் மின்சாரத் துகள்கள் தூரமாக ஓடிப் போய் ஓரத்தைத் தேடி விழும் சுபாவம் உள்ளவை. பெரிய துண்டாக இருக்கும்போது பிரமாதமாக ஒளிரும் சிவப்பு, ஐந்து மைக்ரான் துண்டானதும் சோர்ந்துவிடுகிறது.

ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள். சிலர் புடவையின் ஓரம் அடிக்கிற மாதிரி, வெட்டின ஓரத்தை மருந்தால் கழுவி, அணு கனத்தில் ஒரு பூச்சு பூசிப் பிரிந்து போகாமல் கட்டுகிறார்கள். சிலர் வெட்டுவதே தப்பு என்கிறார்கள். நாற்று மாதிரி நானோ அளவுக் குச்சிகளாக வளர்த்துவிட்டால் கத்தியே படாது அல்லவா? இன்னும் சிலர் நீலத்துக்கு உதவின நைட்ரைடிலேயே இந்தியத்தைக் கூட்டிச் சிவப்பு வரவழைக்கப் பார்க்கிறார்கள். கூட்டக் கூட்டப் படிகம் இறுக்கத்தில் நெளிகிறது, ஒளி குறைகிறது. எனக்குப் பிடித்தது நாலாவது வழி. மூன்று நிறத்துக்கும் அடியில் நீல விளக்கையே வைத்துவிடு. சிவப்பும் பச்சையும் வேண்டிய இடத்தில், மேலே 'குவாண்டம் புள்ளி' என்ற நுண்ணிய பொடியைத் தூவு. அந்தப் பொடி நீலத்தைக் குடித்துச் சிவப்பாகவோ பச்சையாகவோ உமிழும். ஒரே சரக்குதான், மணி பெரிதானால் சிவப்பு, கொஞ்சம் சிறிதானால் பச்சை! இதற்கு வழி செய்த எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் ரசாயன நோபல் பரிசு. பழைய நிறத் திரை வேண்டாத நிறத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. இது விழுங்கினதை வேண்டிய நிறமாகத் திருப்பித் தருகிறது. ஆனால் அந்த நாலு மைக்ரான் குழிக்குள் போதிய பொடியை அடைப்பதும், நீலம் ஒழுகி வெளியே வராமல் பார்த்துக் கொள்வதும், சூட்டில் பொடி கெடாமல் காப்பதும் லேசான காரியமாக இல்லை. இந்த நாலு வைத்தியத்தில் எது ஜெயிக்கும் என்று இன்னும் முடிவாகவில்லை.

சிவப்பு வழிக்கு வருகிறவரை, வீட்டில் உள்ள திரைக்கு என்ன செய்யலாம்? ஓலெட் திரையாக இருந்தால் பின்னணியைக் கறுப்பாக வைத்துக் கொள்ளுங்கள். அணைந்த புள்ளி மின்சாரம் கேட்காது. எல்.ஸி.டி.யாக இருந்தால் கறுப்புப் பின்னணியால் பெரிய லாபம் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பாட்டரி மிஞ்சும். எந்த ஜாதி என்று தெரியவில்லையா? முழுக் கறுப்புப் படத்தை வைத்துக்கொண்டு, அலமாரிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். திரை மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரரிடம், "பழையது ஓலெட்டா? இப்போது போடுவதும் ஓலெட்தானா?" என்ற இரண்டு கேள்விகளையும் விலை பேசுமுன் கேட்டுவிடுங்கள்.